வலப்பக்கத்தில் வரும் சைக்கிள்

மார்ச் 3, ஞாயிறு

மறுபடியும் கடைசி. பாலத்துக்கு முன்பே ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டம் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. அவர்கள் எல்லோரிடமும் ரோடு பைக். குனிந்து, காற்றுக்கு அடியில் நுழைந்து போகிறார்கள். நானும் வீட்டுக்காரரும் ஹைபிரிட் சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்து, விருந்துக்குக் கிளம்பியவர்கள் மாதிரி போகிறோம்.

அக்டோபரில் அணைக்கட்டு வரை போய்த் திரும்புகிறார்கள். மொத்தம் நூறு கிலோமீட்டர். ஐம்பது வயது முடிவதற்குள் ஒரு தடவை போய்விட வேண்டும் என்று ஆசை. இந்த வண்டியில் நடக்காது.

வாங்கிவிடலாம்தான். தயக்கம் ஒன்றே ஒன்று: பேச்சு. அவர் அச்சகத்திலிருந்து வரும்போது நான் பாதித் தூக்கத்தில் இருப்பேன். வீட்டில் நாங்கள் பேசுவதெல்லாம் பால் வந்ததா, கேஸ் தீர்ந்ததா. மனிதர்கள் மாதிரிப் பேசுவது ஞாயிறு காலை பக்கத்தில் பக்கத்தில் ஓட்டும்போது மட்டும். ரோடு பைக் என்றால் ஒன்று அவரை விட்டுவிட்டுப் போக வேண்டும், அல்லது அவரும் வாங்கி, ஒருவர் பின்னால் ஒருவராகப் போக வேண்டும். இரண்டிலும் பேச்சு போய்விடும்.

“நீங்களும் வாங்குங்களேன்” என்றேன்.

“எனக்கு எதுக்கு? நான் இப்படியே வரேன்.”

மார்ச் 5, செவ்வாய்

அக்காவிடம் போனில் கொஞ்சம் பீற்றிக்கொண்டேன். சாலையில் எப்போதும் லாரி வரும் பக்கம், அதாவது எனக்கு வலப்பக்கம், அவர்தான் ஓட்டுவார். கால்வாய்ப் பாதையில் ஒரு வண்டியும் கிடையாது, அங்கேயும் அப்படித்தான். நான் பேசும்போது முகத்தை முழுசாக என் பக்கம் திருப்பிக் கேட்பார். ரோட்டைப் பாருங்கள் என்று நான்தான் திட்ட வேண்டியிருக்கும்.

“குடுத்துவெச்சவடி நீ. எங்க வீட்டு ஆளு நடந்து போனாலே பத்தடி முன்னாடி போய்ட்டிருப்பாரு” என்றாள்.

மனசுக்குள் ஒரு குளிர்ச்சி. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மார்ச் 9, சனி

கடைக்காரர் ஒரு சிவப்பு ரோடு பைக்கைத் திங்கள்கிழமை வரை ஓட்டிப் பார்க்கத் தந்திருக்கிறார். தூக்கினால் கையில் கனமே தெரியவில்லை. கழுத்து வலிக்கிறது, உள்ளங்கை மரத்துப் போகிறது, சின்னக் கல்லும் எலும்பு வரை வந்து விசாரிக்கிறது. ஆனால் மிதித்தால்! மிதித்த மிதி வீணாகவில்லை. மேட்டில் ஏறி முடித்த பிறகுதான் அது மேடு என்று ஞாபகம் வந்தது. தெருமுனைக் கண்ணாடிக் கடையில் என்னையே பார்த்தேன். பரவாயில்லை.

மார்ச் 10, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

கூட்டத்தோடு போகவில்லை. நாங்கள் இருவர் மட்டும். நான் சிவப்பு வண்டியில் முன்னால். திரும்பாமலே, “பாலத்துக்கிட்ட நிக்கலாமா?” என்று கேட்டேன். பதில் இல்லை. காற்று என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவரை முன்னால் விட்டேன். பின்னால் ஒரு லாரி. “லாரி, லாரி! ஓரம் வாங்க!” கத்தினேன். அவர் நடுரோட்டிலேயே போய்க்கொண்டிருந்தார். ஹார்ன் அடித்த பிறகுதான் திடுக்கிட்டு ஒதுங்கினார். அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் முதலில் இடதுபக்கம் பார்த்தார். லாரி வலதில் வந்தது.

கால்வாய்ப் பாதைக்கு வந்ததும் அவருக்கு வலப்பக்கமாகப் போய்ச் சேர்ந்தேன். வழக்கமாக அந்தப் பக்கம் நான் போவதே இல்லை. பேசிக்கொண்டே வந்தேன். அக்கா சொன்னது, அணைக்கட்டு, எல்லாம். அவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் தினமும் பார்க்கிறேன். காதுப் பரிசோதனைக்கு வந்து என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, நான் கேட்ட கேள்வி காதில் விழாமல், எல்லோரும் சிரிக்கும் அதே சிரிப்பு.

ஐயோ. பாதுகாப்பும் இல்ல ஒண்ணும் இல்ல. நல்ல காது என் பக்கம் இருக்கணும்னு வந்திருக்கார் மனுஷன். நான் அதை ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன்!

மார்ச் 11, திங்கள்

வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். “பிடிக்கலையா மேடம்?” என்றார் கடைக்காரர். கழுத்து வலி என்றேன்.

இரவுச் சாப்பாட்டின்போது அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து கேட்டேன்.

“எவ்ளோ நாளா?”

எது என்று அவர் கேட்கவில்லை. “மூணு வருஷம் இருக்கும்.”

“நான் என்ன வேலை பாக்கறேன்னு தெரியும்ல?”

“தெரியும். வீட்ல யாராவது காதுன்னு ஆரம்பிச்சாலே நீ எரிஞ்சு விழுவியே.”

உண்மைதான். எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் நாலு பேர் காதை நீட்டிக்கொண்டு வருவார்கள். வீட்டு வாசலுக்கு உள்ளே காதைப் பற்றிப் பேசக்கூடாது என்று சட்டம் போட்டதே நான்தான். இவர் ஒருவர்தான் அதை மதித்திருக்கிறார்.

“சைக்கிள்ல மட்டும் சமாளிச்சுடலாம். நீ இந்தப் பக்கம் இருந்தா எல்லாம் கேக்கும்” என்றார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டு, “அதான் அந்த வண்டி வேணாம்னு நெனச்சேன். உன்கிட்ட எப்படிச் சொல்றது?”

கோபமாக வந்தது. அவர் மேலா, என் மேலா என்று பார்த்தேன். பிரிக்க முடியவில்லை.

மார்ச் 14, வியாழன்

சொந்தக்காரர்களை நாமே சோதிக்கக்கூடாது என்பது எங்கள் நிலையத்து வழக்கம். முகத்தை வைத்தே விடையைச் சொல்லிக்கொடுத்துவிடுவோம். அதனால் கூட வேலை பார்ப்பவள் செய்தாள். நான் வெளியே நின்றேன். சத்தம் புகாத அறை, கண்ணாடிக்குப் பின்னால் அவர், கையில் ஒலி கேட்டால் அழுத்தும் பொத்தான். இடது காதுக்கு டக் டக்கென்று அழுத்தினார். வலது காதுக்கு மாற்றியதும் கட்டைவிரல் அப்படியே காத்திருந்தது.

வரைபடத்தில் வலது கோடு கீச்சென்ற ஒலிகளுக்கு வந்ததும் சரிந்து விழுகிறது. மிஷின் பக்கத்தில் வேலை பார்க்கும் யார் வந்தாலும் நான் கேட்கும் இரண்டாவது கேள்வி: எந்தக் காது மிஷின் பக்கம்? அவர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த அச்சகத்தில் இருக்கிறார். அவரிடம் மட்டும் கேட்கவில்லை.

மார்ச் 15, வெள்ளி

அக்காவிடம் சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நாள் பொறாமைப்படட்டும்.

ஏப்ரல் 7, ஞாயிறு

காது மிஷினோடு முதல் சைக்கிள் பயணம். கொஞ்சம் வேகம் எடுத்ததும், “உள்ள யாரோ தகரத்தை ஆட்டற மாதிரி இருக்கு” என்று கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பேசாமல் பழையபடி இடப்பக்கம் வந்துவிட்டேன். ரோடு பைக் ஆசைக்கு முழுக்குப் போட்டாகிவிட்டது என்று நினைக்கிறேன். பெரிதாக வருத்தமில்லை. கொஞ்சம் இருக்கிறது.

ஏப்ரல் 16, செவ்வாய்

கூட வேலை பார்ப்பவள் காது மிஷினில் காற்றுச் சத்தத்தை அடக்கிக் கொடுத்திருக்கிறாள். வீட்டில் மிக்ஸி போட்டால் இப்போது எழுந்து அடுத்த அறைக்குப் போகிறார். நான் முணுமுணுப்பதும் கேட்கிறது. இது யோசிக்க வேண்டிய விஷயம்.

மே 5, ஞாயிறு

கால்வாய்ப் பாதை. வழக்கம்போல் கடைசி. பாதி வழியில் பின்னால் போய்ச் சுற்றி, அவருக்கு வலப்பக்கம் வந்தேன். தண்ணீரில் ஒரு செருப்பு மிதந்து போயிற்று.

பிறகு, அவருக்கென்று இல்லாமல், வழக்கமான குரலில் சொன்னேன்: “அந்தச் சிவப்பு வண்டி இன்னும் கடையில இருக்குமோ என்னவோ.”

அவர் தலையைத் திருப்பவில்லை. கண் பாதையிலேயே இருந்தது.

“எனக்குக் கறுப்பு” என்றார்.