‘சாப்பிட்டியா’ தவிர வேறொன்றும் கேட்கவில்லை

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

எனக்குச் சளி விட்டுவிட்டது, கவலைப்படாதே. உனக்கு இடுப்பு வலி தேவலையா? பாப்பாவுக்கு ஆடிய பல் விழுந்ததா?

இங்கே எங்கள் அறையில் எனக்குக் கீழ்க்கட்டிலில் படுக்கும் வெல்டர் அண்ணனுக்கு அவர் மனைவி விவாகரத்து நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். எட்டு வருடமாக அண்ணன் போனில் ‘சாப்பிட்டியா’ தவிர வேறொன்றும் கேட்டதில்லை என்று வக்கீல் எழுதியிருக்கிறார்.

“இதெல்லாம் ஒரு காரணமாண்ணே?” என்று அறையே சிரித்தது. அண்ணனும் சிரித்துவிட்டு, போர்வையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் அதைத்தானே கேட்கிறேன்.

தைலம் தீர்ந்துவிட்டது. ஊருக்கு லீவில் வந்திருக்கும் எங்கள் மேஸ்திரியிடம் கொடுத்தனுப்பு.

ஞாயிற்றுக்கிழமை போனை வைக்கும்போது, “ஒண்ணுமில்ல, விடுங்க” என்றாயே, அது என்ன?

வேலைக்குப் போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது. எதுவானாலும் உன் கையால் எழுது. வக்கீல் எழுதி எனக்குத் தெரிய வேண்டாம்.

உன் வீட்டுக்காரன்