பன்னிரண்டாவது வளைவு வரைக்கும்

கிள்ளிப்பாலம்,
திருவனந்தபுரம்.
14-12-83

அன்பு மகள் பொன்னம்மைக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உன் மாமா சொரிமுத்துவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த ஜபல்பூர்க் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க வேண்டும் என்று முத்தாரம்மனை வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். நீ இரண்டாம் தேதி போட்ட கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அப்பா சாப்பாட்டுக் கடையில் இருந்ததால் நான்தான் பிரித்தேன். தை மாதத்தோடு ஆஸ்பத்திரி வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு ஊருக்கே வந்துவிடுகிறேன், அப்பாவைப் பக்கத்தில் இருந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும், மேல்படிப்புக்கு என்னை எடுத்திருக்கிறார்கள், அதையும் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது, உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. உன் மெத்தையைக்கூட எடுத்து வெயிலில் போட்டுவிட்டேன். சாயங்காலம் அதை உள்ளே எடுத்து வைக்கும்போது மனசுக்குள் ஏதோ சரியில்லை என்று தோன்றியது. அப்பாவிடம் கடிதத்தை உடனே காட்டவில்லை. ஐந்தாறு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். நீ அந்த ராஜினாமாவைக் கொடுப்பதற்கு முன்னால் இதை முழுக்கப் படி. உன்னிடம் நான் மறைத்த விஷயம் ஒன்றும் இதில் இருக்கிறது, அதற்காக என்மேல் கோபப்படாதே.

போன வருஷம் கார்த்திகையில் அப்பா கடையில் நெஞ்சு வலித்து மயங்கி விழுந்து, நீ லீவு போட்டு ஓடிவந்து, டாக்டர் சொன்னதை எல்லாம் பெரிய தாளில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனாயே, தினமும் ஒரு மணி நேரம் நடை, ஆட்டுக்கறி கூடாது, முட்டை கூடாது, தேங்காய் எண்ணெய் பாதி என்று. நீ ரயில் ஏறின மறுநாளே, என் மக நர்ஸா ஜெயில் வார்டரா என்று கேட்டார் உங்கள் அப்பா. ஆனாலும் விடியற்காலையில் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கரமனைப் பாலம் வரைக்கும் நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிடுவார். நானும் நம்பி உனக்கு அப்படியே எழுதினேன். மூன்று மாசம் கழித்து எடை பார்த்தால் எண்பத்தாறு கிலோ இருந்தவர் எண்பத்தேழு இருக்கிறார். அப்புறம் மீன் கொண்டுவருகிற மாடம்மாள்தான் ஒருநாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள், அக்கா உங்க வீட்டுக்காரரு பாலத்துக்கு இந்தப் பக்கம் உள்ள சாயக்கடையிலே தினமும் சாயாவும் புட்டும் முட்டை ரோஸ்டுமா இருக்காரே, அங்க உள்ளவங்க அவருக்குன்னு ஒரு ஸ்டூலே போட்டு வச்சிருக்காங்க என்று. நான் அப்பாவிடம் கேட்டேன். பாலம் வரைக்கும் நடந்துதானே போறேன், நீ நடக்கச் சொன்னே, திங்காதேன்னு காலையிலே சொல்லல்லையே என்றார். சண்டை போடத் தோன்றவில்லை. நாளையிலிருந்து நானும் வருவேன் என்று மட்டும் சொன்னேன்.

நடப்பது என்றால் சும்மா காலை எடுத்து வைப்பதுதானே என்று நினைத்திருந்தேன். முப்பது வருஷமாக நான் போன இடம் கோயில், சாலைக் கடைத்தெரு, ரேஷன் கடை, உன் பள்ளிக்கூடம். காரியம் இல்லாமல் ரோட்டில் நடந்ததே இல்லை. முதல் நாள் விடியற்காலை நான் வேகமாகப் போவதைப் பார்த்து பக்கத்து வீட்டு அனந்தலக்ஷ்மி ஜன்னலைத் திறந்து, யாருக்கு என்ன ஆச்சு, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டாள். அந்த வெட்கத்தில் மறுநாளிலிருந்து கையில் ஒரு காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு போனேன், பார்க்கிறவர்கள் ஏதோ வாங்கப் போகிறாள் என்று நினைக்கட்டும் என்று. ஆற்றங்கரையில் தினமும் ஒரு அம்மாள் நடப்பார், சுப்புலக்ஷ்மி டீச்சர் என்று பேர், கரமனை அக்ரகாரத்தில் வீடு, பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அறுபது வயசிலும் குச்சி மாதிரி இருந்துகொண்டு காற்றாகப் போவார். அவர் ஒரு வாரம் பார்த்துவிட்டு என்னை நிறுத்தி, ஏம்மா, தினமும் பையைத் தூக்கிண்டு வரேள், ஒண்ணும் வாங்காம திரும்பறேளே என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். மறுநாள் பையை வீட்டிலேயே ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். கை இரண்டையும் வீசிக்கொண்டு நடந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஆனால் பொன்னு மக்களே, நடக்க ஆரம்பித்த பிறகுதான் என் உடம்பு எனக்குத் தெரிய வந்தது. அப்பா சாயக்கடை ஸ்டூலில் உட்கார்ந்தே பழகினவர், அவர்கூடப் பாலத்தைத் தாண்டிப் போய்விடுவார், எனக்குப் பாதி வழியிலே மூச்சு வாங்கும், நாக்கு வறளும், கால் மரத்துப் போகும். சித்திரையில் அப்பாவுக்குச் செக்கப்புக்குப் போனபோது டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு, இவங்களுக்கும் ரத்தம் எடுங்க என்றார். வெறும் வயிற்றில் இருநூற்றுப் பத்து. உங்களில் யார் நோயாளி, யார் கூட வந்தவர் என்று டாக்டர் கேட்டார். இதைத்தான் எட்டு மாசம் உன்னிடம் மறைத்தேன். சொன்னால் நீ அன்றைக்கே ரயில் ஏறியிருப்பாய். இப்போது பயப்படாதே, போன வாரம் எடுத்தது நூற்று முப்பது, காலையில் ஒரு மாத்திரைதான். டாக்டர் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார், நானும் உள்ளதைச் சொன்னேன். நம் வீட்டில் எனக்கென்று என்றைக்கு உலை வைத்தேன், கடையில் மிஞ்சின சோறும் அடிச்சட்டியில் கொழுப்பு மிதக்கிற சால்னாவும்தானே ராத்திரிக்கும் மறுநாள் காலைக்கும். வீணாகப் போகக்கூடாது என்று எல்லாவற்றையும் என் வயிற்றிலேயே போட்டிருக்கிறேன்.

அப்பா அதையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் மத்தியானம் கடையைச் சொரிமுத்துவிடம் விட்டுவிட்டு, ஒரு கட்டு கீரையும் வாழைப்பூவும் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். என்னை அடுக்களையிலிருந்து வெளியே போகச் சொன்னார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் வீட்டு அடுப்பில் கைவைத்தது இல்லை. வாழைப்பூத் துவரனும், எண்ணெய் கண்ணில் காட்டாமல் ஒரு பருப்புக் கறியும் வைத்து, எனக்கு இலை போட்டு, பக்கத்தில் உட்கார்ந்தார். ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டேன், என் வீட்டுக்காரி என்ன திங்கான்னு பாக்கல்லையே என்றார். அன்றிலிருந்து அவரும் கறி தொடவில்லை. அவருக்கு நோய் என்று எத்தனை பேர் சொல்லியும் விடாதவர், எனக்கு நோய் என்றதும் விட்டார். அவரை நான் அவ்வளவு காலம் தப்பாகத்தான் புரிந்து வைத்திருந்தேனோ என்னவோ.

அதற்குப் பிறகு கொல்லைப்புறத்தைக் கொத்தினோம். இந்த வருஷம் வெயிலில் கிணற்றில் தரை தெரிந்தது உனக்குத் தெரியும், அரிசி கழுவின தண்ணீர், பாத்திரம் அலசின தண்ணீர் எல்லாம் குடத்தில் சேர்த்துத்தான் வெண்டைக்கும் சீராக்கீரைக்கும் ஊற்றினோம். கடையில் வருகிற தோல், தண்டு, சாப்பிட்ட இலை எதையும் இப்போது ஓடையில் கொட்டுவதில்லை, சொரிமுத்து வண்டியில் வைத்துக் கொண்டுவந்து குழியில் போடுகிறான், மண் கறுகறுவென்று ஆகிவிட்டது. மழை பிடித்ததும் பூசணி வேலியைத் தாண்டி அனந்தலக்ஷ்மி வீட்டுக் கூரையில் ஏறிவிட்டது, அவள் பறித்துக்கொள்கிறாள், நான் ஒன்றும் சொல்வதில்லை. கடையில் ஆட்டுக்கறி இருக்கத்தான் செய்கிறது, சுமை தூக்குகிறவர்கள் அதற்காகத்தான் வருகிறார்கள், அதை நிறுத்தினால் கடையை மூடவேண்டியதுதான். ருசி பார்ப்பது மட்டும் சொரிமுத்து. செவ்வாயும் வெள்ளியும் அப்பா பலாச்சக்கைக் கறியும் மரச்சீனிக் கிழங்கும் பயறும் போடுகிறார், முதல் வாரம் நாலு பேர் எழுந்து போனார்கள், இப்போது அந்த இரண்டு நாளும் பாத்திரம் காலியாகிறது. கறியை விடுவது எனக்குக் கஷ்டமாக இல்லை, மீனை விடத்தான் முடியவில்லை. தீபாவளிக்கு ஒரு துண்டு நெய்மீன் தின்றேன், அதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். மாடம்மாள் இன்னும் வருகிறாள், கூடையை இறக்காமல் வாசலில் நின்று பேசிவிட்டுப் போகும்போது எனக்குத்தான் மனசு கேட்காது, ஒரு கட்டு கீரை கொடுத்து அனுப்புவேன்.

இனி போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். சுப்புலக்ஷ்மி டீச்சர் ரொம்ப நாளாகப் பொன்முடிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். டாக்டரைக் கேட்டோம், மெதுவாகப் போங்கள், முடியாத இடத்தில் நின்றுவிடுங்கள், பஸ் வரும் என்றார். காலை பஸ்ஸில் கல்லாறில் இறங்கி, ஆற்றில் முகம் கழுவி, கொண்டுபோன அவலும் பழமும் தின்றுவிட்டு அப்பா, நான், டீச்சர், சொரிமுத்து நாலு பேரும் ஏற ஆரம்பித்தோம். மேலே போக இருபத்திரண்டு கொண்டைஊசி வளைவு இருக்கிறதாம். அப்பா ஒவ்வொரு வளைவிலும் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தார். ஐந்தாவதில் நெஞ்சைப் பிடிக்கவில்லை, ஆனால் முகம் வேர்த்துவிட்டது, அவராகவே ஒரு கல்லில் உட்கார்ந்து, எனக்கு இது போதும், நீ போயிட்டு வா என்றார். நான் மாட்டேன் என்றேன். நான் விழுந்தா பிடிக்கச் சொரிமுத்து இருக்கான், நீ நடக்கது உனக்காக்கும், எனக்கில்லே என்று சொன்னார். அவரை விட்டுவிட்டு நான் ஒரு இடத்துக்கு மேலே போவது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. டீச்சரும் நானும் நடந்தோம். பத்தாவது வளைவில் டீச்சருக்குச் செருப்பு வார் அறுந்துவிட்டது, அவர் மர நிழலில் உட்கார்ந்து ஊக்குப் போட்டுக்கொண்டிருந்தார், நான் முன்னால் போனேன். தேயிலை வாசனை, குளிர்ந்த காற்று, கீழே நாங்கள் ஏறிவந்த ரோடு துண்டு துண்டாகத் தெரிந்தது. பன்னிரண்டாவது வளைவில் மலை மஞ்சு புகை மாதிரி இறங்கி என்னைச் சுற்றி ஒன்றும் தெரியாமல் ஆகிவிட்டது. எனக்குப் பயம் வரவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அப்பா மாத்திரை போட்டாரா, கடை என்ன ஆயிற்று, நீ அங்கே தனியாக என்ன செய்கிறாய், ஒன்றையும் நான் நினைக்கவில்லை பொன்னு. டீச்சர் கூப்பிட்டபோதுதான் நினைவு வந்தது. கீழே இறங்கும்போது அதை நினைத்து எனக்குக் கொஞ்சம் குற்றம் செய்தது போலக்கூட இருந்தது, பிள்ளையையும் புருஷனையும் மறந்து ஒருத்தி நிற்பாளா என்று. இப்போது அப்படித் தோன்றவில்லை. கால் இன்னும் வலிக்கிறது, அது நல்ல வலி.

திரும்பும் பஸ்ஸில்தான் உன் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்தேன். விதுரை வரும்வரை இரண்டு தடவை படித்தார். அவ வந்தா நாம ரெண்டு பேரும் திரும்ப நோயாளி ஆயிருவோம் முத்தாரம்மா, வரவேண்டாம்னு எழுது என்றார். எனக்குச் சொல்லத் தெரியாமல் இரண்டு நாளாகக் கிடந்து தவித்ததை அவர் ஒரு வாக்கில் சொல்லிவிட்டார். நீ வந்தால் சுவரில் இன்னொரு தாள் ஒட்டுவாய், நாங்களும் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம், நீ மாத்திரை எடுத்துக் கொடுப்பாய், நாங்கள் விழுங்குவோம். உன் படிப்பும் போகும், எங்கள் நடையும் போகும். நாளைக்கு எங்களுக்கு ஒன்று வராது என்று நான் எழுதித் தரமுடியாது, நீயே நர்ஸ், உனக்குத் தெரியாததா. வந்தால் தந்தி கொடுக்கிறோம், அப்போது வா. வராத நோய்க்காக இப்போதே வேலையை விடாதே. நீ பக்கத்தில் இருக்க எனக்கு ஆசை இல்லை என்று நினைத்துவிடாதே, அந்த மெத்தையை இன்னும் நான் சுருட்டி வைக்கவில்லை.

உன் உடம்பையும் பார்த்துக்கொள். வார்டில் ஓடுவது நடையில் சேராது, டூட்டி முடிந்து திறந்த வெளியில் அரைமணி நேரமாவது நட, கூட ஒரு சிநேகிதியை அழைத்துக்கொள். நின்றுகொண்டே சாப்பிடாதே. எனக்கு இருந்த வியாதி உனக்கும் வரலாம் என்று டாக்டர் சொன்னார், ஆகவே ஒருதடவை ரத்தம் கொடுத்துப் பார். கொஞ்சம் பயறும் உலர்ந்த சக்கைத் துண்டும் கட்டி வைத்திருக்கிறேன், அந்தப் பக்கம் வருகிற ஆள் யாராவது இருந்தால் எழுது, கொடுத்துவிடுகிறேன். அப்பாவும் நானும் சேர்ந்து உனக்கு எல்லா ஆசீர்வாதமும் சொல்கிறோம், முத்தாரம்மன் உன் கைக்கு ராசியும் உன் மனசுக்குத் தெம்பும் கொடுக்கட்டும், உன் கைபட்ட நோயாளிகள் எல்லாரும் எழுந்து நடக்கட்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. அடுத்த கடிதத்தில் நீ படிப்பில் சேருகிற தேதியை முதல் வரியிலேயே எழுது. அது இல்லாமல் எத்தனை பக்கம் எழுதினாலும் நான் படிக்கமாட்டேன்.

உன் நலமே நினைக்கும் அம்மா,
இ. முத்தாரம்மாள்