இரண்டாம் பக்கத்தில் நாலாவது மெட்டு

ஒக்ரோபர் 12, 1986. ஞாயிறு. துன், சுவிஸ்.

தெற்கு மலையிலிருந்து சூட்டுக்காற்று. நான் வேலை செய்கிற ஹொட்டேலில் பாதிப் பேருக்குத் தலையிடி. எனக்கு இல்லை.

ஊர்ஸின் கசெற் அச்சாகி வந்துவிட்டது. ஞாயிறு மாலைகளில் பியானோ அறையில் கிற்றார் வாசிக்கிறவர். அயர்லாந்து, ஸ்கொட்லாந்து, பிரான்சின் பிரித்தானி மெட்டுகள் மட்டும். கெல்டிக் என்பார். கம்பிகளைத் தளர்த்தி வேறு சுருதிக்குக் கொண்டுவந்து, அடிக்கம்பிகளைத் தம்புரா மாதிரி முழங்கவிட்டு, மேலே மெட்டை நடத்துவார். முதல் தடவை கேட்டபோது கையிலிருந்த தட்டை வைக்க மறந்து நின்றேன். அதற்குப் பிறகுதான் பழக்கம். கசெற்றுகள் இரவல் தருவார். நான் கேட்டுவிட்டு வந்து கதைப்பேன்.

கோடையில் அவர் வீட்டில் ஒலிப்பதிவு. பொத்தானை அமுக்குகிற வேலை எனக்கு. இடைவேளையில் என்னையறியாமல் அண்ணாவின் மெட்டை முணுமுணுத்தேன். அண்ணா சைக்கிள் துடைக்கும்போது விசிலில் கட்டியது. சொற்கள் கிடையாது. இலங்கை ஆமி அவரைக் கொண்டுபோன பிறகு அது என்னிடம் மட்டும். இதையும் வாசிக்கட்டுமா என்றார் ஊர்ஸ். ஓம் என்றேன். "ஒரு தமிழ்ப் பெண்ணின் அண்ணா கட்டியது" என்று அட்டையில் போடுவதாகச் சொன்னார். பெயர் மட்டும் வேண்டாம் என்றேன். அண்ணா எங்கேயாவது உயிரோடு இருந்தால் பெயர் அச்சில் வருவது நல்லதல்ல.

என்னோடு வேலை செய்கிற மலரக்கா: "உன்ர கிற்றார்காரன்ர கசெற் வரவேற்பு மேசையில அடுக்கியிருக்கு. உன்ர படம் போட்டிருக்கோ எண்டு பாத்தனான். ஒரு செம்மறியாட்டின்ர படம்தான் கிடக்கு."

"அது நான்தான் அக்கா."

சிரித்துக் கரண்டியைத் தவறவிட்டார்.

14, செவ்வாய்

காலுறை, பற்றறி, சவர்க்காரம் வாங்கியாயிற்று. கசெற்றும்.

அட்டையில் பச்சை மலை, கடல், ம.அக்கா சொன்ன ஆடு. உள்ளே மெட்டுகளின் பெயர்கள். இரண்டாம் பக்கம், நாலாவது: "வலை உலர்த்தும் மாலை. ஸ்கொட்லாந்துத் தீவு மெட்டு. டிராட்."

டிராட். என்றால் என்னவென்று வசந்தத்தில் அவரிடமே கேட்டிருக்கிறேன். "மரபு மெட்டு. யார் கட்டியதென்று யாருக்கும் தெரியாது" என்றார். அன்று அது எனக்குத் துக்கமாக இருந்தது. அவ்வளவு மெட்டுகள், பெற்றவர் தெரியாமல்.

அச்சுக்காரர் வரிசையை மாற்றிப் போட்டிருக்கலாம் என்று வோக்மனைக் காதில் மாட்டினேன்.

அண்ணாதான்.

18, சனி

கசெற் அறிமுக மாலை. வைன் தட்டோடு நான். முன்வரிசையில் ஷெஃபின் (எங்கள் முதலாளியம்மா), கழுத்தில் முத்துமாலை.

அந்த மெட்டுக்கு முன் ஊர்ஸ் ஒரு கதை சொன்னான். வடக்கே ஒரு தீவு. மழைக்கு ஒதுங்கிய குடிசை. பல்லில்லாத கிழ மீனவர் வலையின் கிழிசலைப் பொத்தியபடி இதைப் பாடிக் காட்டினாராம். "இது என்னோடு சாகக் கூடாது, தம்பி" என்றாராம். ஷெஃபின் நெஞ்சில் கை வைத்தார். யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

கதையின் நடுவில் என்னைக் கண்டான். குனிந்து சுருதி சரிபார்த்தான். சுருதி சரியாகத்தான் இருந்தது.

சமையலறையில் ம.அக்கா: "என்ன பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாய்? எடி, அது நீ கோப்பை கழுவேக்க முணுமுணுக்கிற உன்ர அண்ணான்ர பாட்டெல்லோ?"

"ஓம்."

"அப்ப அவன் சொன்ன கிழவன் ஆர்?"

"அப்பிடி ஒருத்தரும் இல்லை அக்கா."

"பச்சைக் கள்ளன்! போய் எல்லாருக்கும் முன்னால கேளன்."

"என்னெண்டு கேக்கிறது? ஆர் கட்டினது எண்டு கேட்டா, அண்ணான்ர பேரைச் சொல்ல ஏலுமோ?"

அக்கா என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டார்.

20, திங்கள்

கேட்டேன். பியானோ அறை, அவனும் நானும் மட்டும். என் ஜெர்மன் இன்று ஒரு இடத்திலும் தடக்கவில்லை.

"பெயர் வேண்டாம் என்று நீதானே சொன்னாய்?"

"மீனவர் வேண்டும் என்று சொல்லவில்லையே."

இது கெல்டிக் கசெற், நடுவில் இலங்கை என்று வந்தால் கடைக்காரன் எந்தத் தட்டில் வைப்பான் என்றான். மரபு என்று சொல்வது மரியாதை என்றான். உனக்குத் தொல்லை வராமல் இருக்கத்தான் என்றான். இந்தக் கடைசியைச் சொல்லும்போது தோளில் கை வைத்தான். மூன்றையும் வீட்டிலிருந்தே அடுக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

போகும்போது இலவசமாக இன்னொரு கசெற் நீட்டினான். வாங்கி நன்றி சொன்னேன். நன்றி! அந்தச் சொல்தான் இன்னும் அரிக்கிறது.

22, புதன்

நீசன் மலை உச்சியில் புதுப் பனி. வாசிக்கிற புத்தகம் இன்னும் அதே பக்கத்தில்.

கசெற்றைத் திரும்பவும் போட்டுக் கேட்டேன். நன்றாக வாசித்திருக்கிறான். மட்டமாக வாசித்திருந்தால் எறிந்திருக்கலாம்.

இந்த மெட்டுகளுக்கெல்லாம் இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் இரண்டு தரம். அவன் சொல்லித் தந்தது. அண்ணாவின் மெட்டில் மட்டும் முதற்பகுதியையே சுற்றிச் சுற்றி வருகிறான். கோடையில் நான் அவ்வளவுதான் பாடினேன். இரண்டாவது பகுதி அண்ணா வீட்டுப் படலையடியில் நின்று அடிக்கிற விசில். வந்துவிட்டேன், கதவைத் திற என்று அர்த்தம். திறக்க ஓடுவது நான்தான். அதை ஒருவருக்கும் பாடியதில்லை.

26, ஞாயிறு

மழை. ஏரி தெரியவில்லை.

மதியம் ஊர்ஸ் சமையலறைக்கே வந்தான். பெர்னில் பெரிய மண்டபத்தில் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்களாம். அந்த மெட்டுத்தான் எல்லோருக்கும் பிடித்ததாம். ம.அக்கா கத்தியைக் கீழே வைக்காமல் நிமிர்ந்து பார்த்தார்.

"வாசிக்கும்போது கைக்கே தெரிகிறது, பாதியில் நிற்கிறதென்று. இதற்கு இரண்டாவது பகுதி இருக்க வேண்டும். இருக்கிறதா?"

முதற்பகுதியை முணுமுணுத்தான். முடிகிற இடத்தில் நிறுத்தி என் வாயைப் பார்த்தான். அண்ணா மூச்சு எடுக்கிற இடம். அடுத்த சுரம் என் தொண்டைவரை வந்துவிட்டது.

கோப்பையைத் துடைத்து வைத்தேன்.

"அந்த மீனவரைக் கேளுங்கள்" என்றேன்.