சுத்தமான நிலத்துக்கு உதவித்தொகை இல்லையாம்

21 மார்ச் 1960, திங்கள்
நல்ல வெயில். புயல் போய் மூன்று வாரம். கூரைத் தகரம் இன்னும் கட்டுக்கம்பியில்தான் நிற்கிறது.

புயல் உதவித்தொகைக்கு நிலம் பார்க்க சர்க்கார் இன்ஸ்பெக்டர் வந்தார். எங்கள் ஒன்றரை ஆர்ப்பான் நிலத்துக் கரும்பை ரோட்டில் நின்றே பார்த்தார். "பேனா தொமாஸ் இசி, மதாம்." சேதமே இல்லையாம். ரோட்டிலிருந்து அவருக்கு எப்படித் தெரியும்? வேரோடு சாய்ந்த தூர்களை நானும் வீட்டுக்காரரும் அந்த வாரமே பிடுங்கி நிலத்தோரக் கற்குவியல் மேல் போட்டு, அந்த இடத்தில் புதுக் கரணை நட்டு, காய்ந்த கரும்புச் சோகையும் கூட்டிவிட்டோம். பூஜை அறை மாதிரி நிலம். அதுதான் குற்றம்.

பக்கத்து நிலத்து வேலு கத்தியையே தொடவில்லை. எல்லாம் சாய்ந்தபடி. அவனுக்கு முழுத்தொகை.

தொகை வராவிட்டால் உரம் இல்லை. உரம் இல்லாமல் கரணை தேறாது. பிறகு, பெரிய கரும்புத் தோட்டக்காரர்களிடம் பாடுபட்டு வாங்கிய நிலத்தை அவர்களுக்கே திருப்பி விற்க வேண்டியதுதான்.

22, செவ்வாய்
பிடுங்கிய தூர்களை இன்ஸ்.க்குக் காட்டலாம் என்று கற்குவியலுக்குப் போனேன். நாலைந்துதான் மிச்சம். மறந்தே போனேன்: புயலுக்குப் பிறகு ஊரில் காய்ந்த விறகு இல்லை, எடுத்துப் போங்கள் என்று நானே தாராளமாகச் சொன்னது. பெரிய வள்ளல். என் சாட்சியெல்லாம் ஊர் அடுப்பில்.

வீட்டுக்காரர்: "விடு. சர்க்காரோட யாரு மல்லுக்கு நிக்கிறது."
விடமாட்டேன்.
வாங்க: சோப்பு, மண்ணெண்ணெய், பருப்பு.

23, புதன்
தூறல். வீடு வீடாகப் போய்த் தூர் கேட்டேன். மரீ-தெரேஸ், "பாதி எரிச்சாச்சு, மீதி கொட்டாயில இருக்கு. எத்தனை வேணும்?" அஞ்சலை அக்கா எரிகிற அடுப்பிலிருந்தே ஒன்றை இழுத்துத் தண்ணீர் ஊற்றினாள். சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்கும் இருமல்.

வெள்ளியன்று சங்கத்துக்கு இன்ஸ். வருகிறாராம். பார்க்க வேண்டும் என்றதற்குக் கூட்டுறவுச் சங்கக் காரியதரிசி: "ஆம்பளைய அனுப்பு, பேசறேன்." திரும்பிப் பார்க்காமல் அடுத்த வீட்டுக்கு நடந்தேன். எனக்கே ஆச்சரியம்.

24, வியாழன்
முதுகு வலி. எண்ணெய் தேய்த்தேன். நாளையை நினைத்தால் பயம். சொல்ல ஆள் இல்லை, இங்கே எழுதுகிறேன்.

25, வெள்ளி
ஜெயித்தேன். வரிசையாக எழுத வேண்டும்.

காலை, சங்க வாசலில் இன்ஸ். கார். நாங்கள் பதினேழு பெண்கள், தலையில் தூர்க்கட்டு. ஒவ்வொருத்தியாகக் கார் முன்னால் இறக்கினோம். "அலா லி, மிஸ்யே," என்றாள் மரீ-தெரேஸ். இந்தாருங்கள் ஐயா, என்று.

அவர், "இது யார் நிலத்துத் தூரோ, எனக்கு எப்படித் தெரியும்?"
நான், "அப்போ நிலத்துல இறங்கிப் பாருங்க. ஆள் உயரக் கரும்புக்கு நடுவுல முழங்கால் கூட வராத பயிர் நிக்கும். அங்கெல்லாம் ஒரு தூர் போயிருக்கு. எண்ணுங்க."

இத்தனை பேர் பார்க்கும்போது வராமல் இருக்க முடியுமா? எங்கள் நிலத்துக்கே வந்து இறங்கினார். எண்ணினார். காலில் போட்ட சப்பாத்து முழுக்கச் சேறு. மூன்றாவது வரிசையில் எண்ணுவதை நிறுத்திவிட்டார். படிவத்தை எடுத்துக் கற்குவியல் மேலேயே வைத்துக் கையெழுத்து. முழுத்தொகை.

நிலத்திலேயே உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்காரரும்.

மாலையில் காரியதரிசி வீடு தேடி வந்தார். என்னைப் போலவே நிலத்தைச் சுத்தம் செய்து தொகை இழந்தவர்கள் இன்னும் ஆறு பேராம். "நாளைக்கு நீங்க கொஞ்சம் வர முடியுமாம்மா?"

காலை ஆறு மணிக்கு ஆரம்பம். இன்ஸ். இன்னும் ஒரு நாள் தங்குகிறார். அவரைப் பழைய சப்பாத்து போட்டு வரச் சொல்லியாகிவிட்டது.