இல்லாத வெள்ளாடு

சனிக்கிழமை இரவு

தர்மபுரியில் எங்கள் கல்லூரி ஹேக்கத்தான் இன்று தொடங்கியது. வேலை தருவதாகக் கூட்டிப்போய் மில்களில் அடைத்து வைக்கிறார்களே, அந்தப் பெண்களை மீட்க இரண்டு நாளில் ஒரு செயலி செய்ய வேண்டும். எங்கள் குழு மதியத்துக்குள் முடித்துவிட்டது. சிவப்புப் பொத்தானைத் தொட்டால் போலீசுக்குத் தகவல் போகும். பரிசு நமக்குத்தான் என்று மிதப்பில் இருந்தேன்.

ஆலோசனை சொல்ல, ஒரு மில்லில் மாட்டி மீண்டு வந்த அலமேலு அக்காவைச் சித்தேரியிலிருந்து அழைத்திருந்தார்கள். பொத்தானைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"மொத நாளே போன புடுங்கிக்குவாங்க பாப்பா. அப்பறம் எதத் தொடறது?"

சுருக்கென்றது. நீங்கள் எப்படித் தப்பினீர்கள் என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம சூப்பர்வைசர் போன்ல, அந்தாளு எதிர்லயே வூட்டுக்குப் பேசணும். வெள்ளாடு குட்டி போட்டுச்சான்னு கேட்டேன். எங்களுக்கு ஏது ஆடு? அம்மாவுக்குப் புரிஞ்சிருச்சு. ஆளுங்களோட மில்லு வாசல்ல வந்து நின்னுச்சு."

பொத்தானை அழித்தோம். இனி செயலி பெண்ணிடம் இல்லை, வீட்டில் இருக்கும். கிளம்பும் முன் தாயும் மகளும் ஒரு பொய்க் கேள்வியைப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அது காதில் விழுந்ததும் அம்மா தன் போனில் 1-ஐ அழுத்தினால் போதும். அழைப்பு வந்த எண்ணோடு போலீசுக்குத் தகவல் போய்விடும். மில்லின் முகவரி பொய்யாக இருந்தாலும் எண் இருக்கிறது. இது வேலை செய்யும். நாளை மேடையில் நான்தான் பேசப்போகிறேன்.

அடுத்த மாதம் எனக்குப் பெங்களூரில் வேலை. நல்ல கம்பெனிதான். ஆனாலும் இரவு வீட்டில் சாப்பிடும்போது அம்மாவும் நானும் ஒரு கேள்வி பேசி வைத்துக்கொண்டோம். அதை இங்கேகூட எழுத மாட்டேன்.