அப்பா முதலில் போய்ப் பார்த்த ஏரி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம், என் தோள்பட்டை மட்டும் சுகமில்லை, அதற்குக் காரணம் உன் அப்பா, விஷயத்துக்கு வருகிறேன். நீ எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா, புது வீல்சேர் கைக்குப் பழகிவிட்டதா? சித்திக்கு மூட்டுவலி இப்போது தேவலை. மாடி வீட்டு வாத்தியார் வயலின் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறார், நம் காதுக்குத்தான் கஷ்டகாலம்.

எல்லோருமாக ஏரிக்கரைக்குப் போகலாம் என்று போனில் கூப்பிட்டதற்கு, “எனக்கு எதுக்கும்மா டூரெல்லாம், ஆபீசும் ஆஸ்பத்திரியும் போதும், நான் வந்தா எல்லாருக்கும் தொல்லை” என்றாயே, அது என் நெஞ்சை விட்டுப் போகவே இல்லை. விபத்துக்குப் பிறகு சந்தோஷத்துக்கென்று நீ ஒரு இடத்துக்கும் போகவில்லை. மறுநாள் பார்த்தால் உன் அப்பா ஒரு வீல்சேரை வாடகைக்கு எடுத்து வந்து கூடத்தில் நிறுத்தியிருக்கிறார். லிஃப்ட் ரிப்பேர் பார்த்த காலமெல்லாம், தான் ஒருமுறை ஏறி இறங்காமல் வேறு யாரையும் உள்ளே விடாத மனுஷன் ஆயிற்றே. “புள்ளைய வான்னு கூப்பிடுறதுக்கு முன்னாடி நான் உக்காந்து போய்ப் பாத்துட்டு வரேன், நீ தள்ளு” என்றார். தலைகீழாக நின்று பார்த்தேன், கேட்கவில்லை. ரயிலடியிலிருந்து ஏரிக்கரை ஏற்றம் வரை தள்ளி எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது, இவர் ஒய்யாரமாக உட்கார்ந்துகொண்டு “மெதுவா, பள்ளம் பாத்து” என்று அதிகாரம் வேறு.

விடுதியில்தான் பெரிய கூத்து. குளியலறை வாசலில் சக்கரம் மாட்டிக்கொண்டது. கதவின் அகலம் பார்க்கிற ஆவலில் மனுஷன் தன்னை மறந்து விசுக்கென்று எழுந்து, சட்டைப்பையிலிருந்த டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்துவிட்டார். துண்டு கொண்டுவந்த பணிப்பெண் “ஐயோ, ஐயா எழுந்துட்டாரு!” என்று கத்த, மேனேஜரம்மா ஓடிவர, எனக்கு மானம் போயிற்று. உள்ளதைச் சொன்னேன். அந்தம்மா சிரித்து ஓய்ந்தபின், வாசல் அகலமான கீழ்த்தள அறை ஒன்றைத் திறந்து காட்டினாள், அங்கே வீல்சேர் வளைந்து திரும்பவும் இடமிருக்கிறது. சாயங்காலம் மறுபடி வீல்சேரில் வெளியே போனபோதுதான் அப்பா முகம் வாடிவிட்டது. டீக்கடைக்காரர் அவரைப் பார்க்காமல் என்னிடம், “சாருக்கு சக்கரை போடலாமா?” என்றார். படகு டிக்கெட் கொடுத்தவரும் என்னிடம்தான், “இவரு பயப்படாம உக்காருவாரா?” என்று கேட்டார். “என்னைக் கேளுங்கய்யா, வாய் நல்லாத்தானே இருக்கு” என்று அப்பா எரிந்து விழுந்தார். பிறகு கரையில் வீல்சேரை நிறுத்தச் சொல்லி, “நம்ம புள்ளைக்கு தினமும் இப்படித்தானா?” என்றார். நான் அழுதுவிட்டேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்ததில் உன் கஷ்டம் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். இதென்ன விளையாட்டு என்று உனக்குக் கோபம் வந்தால் தாராளமாகத் திட்டு, அவரைத் திட்டு.

ஆனாலும் படகில் போனோம், தங்கமே. அகலப் பலகை போட்டு, சக்கரத்தோடு ஏற்றி, கயிறு கட்டி நிறுத்தினார்கள். நடு ஏரியில் காற்று சிலுசிலுவென்று முகத்தில் அடித்தபோது, இதையெல்லாம் என் பெண் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. எல்லாம் சுலபம் என்று பொய் சொல்ல மாட்டேன், கடைத்தெருவில் படிகள் அதிகம், பாதிக் கடைக்குள் நுழைய முடியாது. நுழைய முடிந்த இடத்துக்குப் போவோம், என்ன இப்போது? நீ தொல்லை இல்லையடி, நீ வராமல் நாங்கள் போனால் அதுதான் எங்களுக்குத் தொல்லை.

அந்தக் கீழ்த்தள அறையை உன் பெயருக்குச் சொல்லி வைத்திருக்கிறோம், நீ சரி என்றால்தான் உறுதி. ரயிலில் திரும்பும்போது, “அடுத்த தடவை தள்ளுறது உங்க முறை” என்றேன் அப்பாவிடம். “நான் எதுக்குத் தள்ளணும்? அவளுக்கு எங்க தோணுதோ அங்க போவா, நான் பக்கத்துல நடந்து வரேன்” என்றார்.

நீ நோய்நொடி இல்லாமல், மனசு நிறைந்து, நாலு ஊர் பார்த்து வாழ வேண்டும். கைகளுக்குத் தைலம் தேய்க்க மறக்காதே. வருகிறாயா என்பதை மட்டும் அப்பாவுக்கே எழுது, அந்த டீக்கடைக்காரர் மாதிரி நடுவில் என்னிடம் சொல்லாதே.

தோள்வலியோடும் ஆசையோடும்,
உன் அம்மா