அம்மாவின் முறை

மார்ச் 4

அன்பான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். ரோட்டைத் தாண்டினால் உங்கள் வீடு, இதற்கு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள். நேரில் வந்தால் எனக்கு வாய் வராது.

உங்கள் வீட்டு வேதபாடக் கூட்டம் பெருகி, தையல் மிஷின்மேல் சாய்ந்துகொண்டுகூட ஆட்கள் உட்கார்ந்தார்கள். செருப்புகள் மாடிப்படி வரை போய், கீழ்வீட்டுக்காரர் முறைத்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு குழு, இந்தப் பக்கம் ஒரு குழு என்று பிரித்தது சரிதான். காலேஜ் படித்தவள் என்று இந்தப் பக்கத்தை என் தலையில் கட்டியதுதான் சரியில்லை.

புதன்கிழமைகளில் எங்கள் முன்னறையில் கூடுகிறோம். புதிதாக ஒரு குடும்பமும் வருகிறது. எங்கள் குழுவில் லாரி ஓட்டும் அண்ணன் உரக்க ஜெபித்தால் தெருவே விலகி வழிவிடும் போலிருக்கிறது. ஆனாலும் என்னால் முடியவில்லை அக்கா. வேறு யாரையாவது நடத்தச் சொல்லிவிட்டு, என்னையும் அம்மாவையும் பழையபடி உங்களோடு சேர்த்துக்கொள்ளக் கூடாதா?

உங்கள் தங்கை

மார்ச் 9

என் டிகிரித் தங்கச்சிக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதத்தை மிஷின் பக்கத்திலேயே வைத்துப் படித்தேன். ஒரு ரவிக்கைக்குக் கையை மாற்றித் தைத்துவிட்டேன், அது உன் கணக்கு.

நீங்கள் இல்லாமல் இங்கே அறை வெறிச்சோடித்தான் கிடக்கிறது. பிரிந்து போனவர்கள் ஒரு வருஷத்துக்குத் திரும்பி வரக்கூடாது என்று எல்லோர் முன்னாலும் சொன்னவள் நான்தான். உன்னைச் சேர்த்தால் நாளைக்கே எல்லோரும் வந்து நிற்பார்கள். புதிதாக வந்த குடும்பத்தை யார் பார்ப்பது? பயப்படாமல் நடத்து.

ஒன்று சொல்கிறேன். உன் அம்மா வாசிப்பதைக் கேட்காமல் எனக்குப் புதன்கிழமை புதன்கிழமையாக இல்லை. நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைப்பார்கள். அவர்கள் முறை எப்போது வரும் என்று காத்திருப்பேன். அங்கேயும் வாசிக்கிறார்கள்தானே?

அன்புடன் அக்கா

மார்ச் 13

அன்பான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நீங்கள் அம்மாவைப் பற்றிக் கேட்டிராவிட்டால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. உங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு வசனமாகச் சுற்றி வரும்போது, நான் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு பாதிப் பாதியாக முணுமுணுப்பேன். அம்மா பைபிளைப் பார்த்தபடி அதை உரக்கச் சொல்வார்கள். அதனால்தான் அந்த நிறுத்தம். நான் அம்மாவைத் தொடர்ந்து படிக்கிறேன் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பீர்கள்.

இங்கே நடத்துகிறவள் என்று எனக்கு எல்லோருக்கும் எதிரே தனியாக நாற்காலி போட்டுவிட்டார்கள், அம்மா பக்கத்தில் உட்கார முடியவில்லை. முதல் கூட்டத்தில் அம்மாவின் முறை வந்தது. பைபிளை விரித்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். நான் பதறிப்போய், "அம்மா, நீங்க போய் டீ போடுங்க, நான் படிச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னேன். அம்மா பைபிளை மூடி என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனார்கள்.

எல்லோரும் போனபிறகு டம்ளர்களைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டார்கள்: "வெக்கமா இருந்தா முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்ல வந்தபோது அம்மா குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டிருந்தார்கள்.

அதிலிருந்து கூட்டம் நடக்கும் நேரமெல்லாம் அம்மா சமையலறையில்தான். பக்கத்தில் வந்து உட்கார்கிறேன் என்றேன். "உன் இடம் அது, நீ அங்கேயே இரு" என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. பாட்டுப் பாடும்போது உள்ளேயிருந்து அம்மா குரல் கேட்கிறதா என்று காது கொடுத்துப் பார்க்கிறேன். பாத்திரச் சத்தம்தான் வருகிறது.

நீங்கள் சொன்னபடி நான் இங்கேயே இருக்கிறேன். திரும்பி வருகிறேன் என்று இனிமேல் கேட்கமாட்டேன். அம்மாவுக்காக மட்டும் உங்கள் சட்டத்தைத் தளர்த்துங்கள். துணைக்கு ஆள் வேண்டும் என்று நீங்களே வந்து அம்மாவைக் கூப்பிடுங்கள். நான் எழுதியது தெரிய வேண்டாம். உங்கள் பக்கத்தில் உட்காரவைத்து, அம்மாவின் முறை வரும்போது, தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொல்லிக் கொடுப்பீர்களா அக்கா?

உங்கள் தங்கை